எக்ஸ்ரே அக்காவின் இருபத்து நான்கு

அந்தக் குழந்தைகள் வார்டில் அவருக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வாசலில் நின்று ஒரு பார்வை பார்ப்பார். இருபத்தெட்டுக் கட்டிலில் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுகிறது, எது பள்ளிக்கூடத்துக்குப் பயந்து வயிற்று வலி என்கிறது, எதை இன்று வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்த ஒன்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். மீதி ஒன்றைப் பற்றி அவரும் பேசியதில்லை, அவரிடம் கேட்கிற தைரியம் மற்றவர்களுக்கும் இருந்ததில்லை.

அவருடைய அப்பா லாரி மெக்கானிக். எஞ்சின் மூடியைத் திறக்காமலே, சத்தத்தை வைத்து எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிறவர். தெருவில் அவருக்கு அதனால் ஒரு தனி மரியாதை. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த மரியாதையின் மேல் ஒரு கண். நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு இருபத்து மூன்று வயதில் இந்த வார்டுக்குள் நுழைந்தவருக்கு இப்போது நாற்பத்தாறு. கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தது, கணவர் வேலைக்காக வெளியூரோடு தங்கிப்போனது எல்லாம் ஏதோ இரண்டு டூட்டிக்கு நடுவில் நடந்தது போலத்தான் அவருக்கே ஞாபகம். வார்டில் நடந்தவை மட்டும் தேதியோடு ஞாபகம் இருக்கும். அதிலும் அவருக்குப் பெருமை சேர்த்தவை நேரத்தோடு ஞாபகம் இருக்கும்.

இந்த வார்டின் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையின் சார்ட்டிலும் மூன்று எண்களை எழுத வேண்டும்: காய்ச்சல், நாடி, மூச்சு. முதல் இரண்டுக்கும் கருவி உண்டு. மூச்சுக்குக் கருவி கிடையாது. சட்டையை விலக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுதாக எண்ண வேண்டும். அதுவும் பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் இருந்தால்தான் கணக்கு. இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு அப்படி எண்ணிக்கொண்டிருந்தால் மாத்திரை யார் கொடுப்பது, ஊசி யார் போடுவது? ஆகவே வார்டுக்கென்று ஒரு பட்டியல் இருந்தது. பெரிய பிள்ளைக்கு இருபது, சின்னதுக்கு இருபத்து நான்கு, கைக்குழந்தைக்கு முப்பத்தாறு. முடிவெட்டும் கடையின் விலைப்பட்டியல் தோற்றது. பார்த்ததும் சந்தேகம் வந்தால் எண்ணுவது, இல்லையென்றால் பட்டியல். புதிதாக வருகிற பெண்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பவர் எக்ஸ்ரே அக்காதான்.

ஒரே ஒரு பெண்தான் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. ஒல்லியாக, சத்தமில்லாமல், ஒவ்வொரு கட்டிலிலும் குனிந்து நின்று உதட்டை அசைத்து எண்ணுவாள். மற்றவர்கள் ஒரு சுற்று முடித்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் பதினோராம் கட்டிலில் இருப்பாள். ஒரு நாள் டாக்டர்கள் நிற்கும்போதே, "ஆமை இன்னும் கரையேறலையா?" என்று அக்கா கேட்டார். வார்டே சிரித்தது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு ஆமை என்று பெயர் நிலைத்துவிட்டது. நோயாளிகளின் தாய்மார்கூட, "அந்த ஆமை சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்று சொல்லும் அளவுக்கு நிலைத்தது. இரண்டு வருஷத்தில் அவள் மேலே படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இந்த வருஷம் மருத்துவமனை ஒரு புதுப் பதவியைக் கொண்டுவந்தது. குழந்தைகளையும் வளரும் பிள்ளைகளையும் டாக்டர் வரும் முன்பே தலை முதல் கால் வரை பரிசோதித்து, எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று முடிவெடுக்கிற நர்ஸ். அதற்கு ஆறு மாதப் பயிற்சி, வேலை பார்க்கிற இடத்திலேயே. வாரத்தில் ஒரு நாள் வகுப்பு. மற்ற நாட்களில் பன்னிரண்டு பிள்ளைகளைப் பயிற்சியாளரின் கண் முன்னால் பரிசோதித்து, ஒவ்வொன்றுக்கும் பயிற்சி ஏட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். மேட்ரன் முதலில் எழுதிய பெயர் எக்ஸ்ரே அக்காவுடையது. அக்கா இதைச் சும்மா ஒரு சடங்கு என்றுதான் நினைத்தார். எனக்கே பாடமா என்று வீட்டில் மகளிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தார்.

முதல் வகுப்பன்று துணி வைக்கும் அறைக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கூடத்துக்குள் நுழைந்தபோது, பலகைக்கு முன்னால் பயிற்சியாளராக நின்றவள் ஆமை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணாடி அணிந்திருந்தாள். "வாங்கக்கா" என்றாள், அதே மெதுவான குரலில். அக்காவுக்கு எப்படிப் பதில் சொல்வதென்று தெரியவில்லை. வா, போ என்று விரட்டின வாயால் வாங்க, போங்க என்று சொல்ல நாக்கு புரளவில்லை. அன்று முழுக்க முன்னிலையே இல்லாத வாக்கியங்களாகத் தேடித் தேடிப் பேசினார்.

படிப்பு என்னவோ ஓடியது. ஒரு பாடம் பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதினேழு வயது மகளை உட்காரவைத்து அக்கா பழகிப் பார்த்தார். நல்லாத் தூங்குறியா என்று கேட்டுவிட்டு, எங்க தூங்கப்போற, விடிய விடியப் போனைப் பார்த்துக்கிட்டு என்று அவரே முடித்தார். சாப்பாடு பிடிக்குதா என்று கேட்டுவிட்டு, அதுக்கும் ஒரு பதிலைச் சொன்னார். மகள் நோட்டை மூடினாள்.

"கேள்வியும் நீயே, பதிலும் நீயே. நான் எதுக்கும்மா இங்க?"

அக்காவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாயாடி என்று தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிறகு பல நாள் அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடாமல் செய்யப்போகிறது என்பது அப்போது தெரியாது.

மூன்றாவது வாரம் பழைய சார்ட் ஒன்றை ஆமை பெரிதாக்கிச் சுவரில் காட்டினாள். பெயரும் தேதியும் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன. இரண்டு வயதுப் பெண் குழந்தை, நெஞ்சுச் சளி என்று மட்டும் சொன்னாள். இந்தப் பிள்ளையை டாக்டர் எத்தனை மணிக்கு வந்து பார்த்திருக்க வேண்டும் என்பது கேள்வி. காலை எட்டு மணியிலிருந்து காய்ச்சல் ஏறிக்கொண்டே போகிறது, நாடியும் கூடவே ஏறுகிறது. மூச்சு மட்டும் எட்டு மணிக்கு இருபத்து நான்கு, பத்து மணிக்கு இருபத்து நான்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நான்குக்கு, எல்லாம் இருபத்து நான்கு. மாலை ஆறு மணிக்குத் திடீரென்று ஐம்பத்தெட்டு. அதற்குக் கீழே, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டது என்று ஒரு வரி.

அவசரப் பிரிவிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, "இது பிள்ளையா, சுவர்க் கடிகாரமா?" என்றான். ஏழு பேரும் சிரித்தார்கள். அக்காதான் பலமாகச் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா?

"எழுதினவ கையை ஒடிக்கணும். ஒரு தடவையாவது நெஞ்சைப் பார்த்திருப்பாளா அவ?"

வாயை மூடிய பிறகுதான் கண் சரியாகப் பார்த்தது. பன்னிரண்டு மணி வரிசைக்குக் கீழே அடுத்தடுத்து இரண்டு கோடுகள். தன் பங்கு எழுத்து முடிந்த இடத்தில் அப்படி இரட்டைக் கோடு போடுகிற ஆள் அந்த மருத்துவமனையில் ஒருவர்தான் உண்டு. அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம்: பெற்றோருக்குக் கவலை ஏதும் உண்டா? அதில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அந்த 'இல்லை'யின் ஐகாரச் சுழி அவருடையது. இருபத்து மூன்று வருஷமாகத் தினம் பார்க்கிற சுழி.

நாற்காலியோடு தரைக்குள் போய்விட முடிந்தால் போயிருப்பார். சார்ட்டில் இரண்டு மணியிலிருந்து எழுத்து மாறியிருந்தது. உருண்டையான, நிதானமான எழுத்து. ஐம்பத்தெட்டை எழுதியதும் அந்தக் கைதான். அது யார் கை என்று அவருக்குத் தெரியும். ஆமை அவரைப் பார்க்கவே இல்லை. பலகையைப் பார்த்தாள், மற்ற ஆறு பேரையும் பார்த்தாள், ஜன்னலைக்கூடப் பார்த்தாள்.

அந்த நாள் அக்காவுக்கு நேரத்தோடு ஞாபகம் இருக்கிற நாட்களில் ஒன்று. ஆனால் அவர் ஞாபகத்தில் அது ஆறு மணிக்குத்தான் தொடங்கும். மதியத்துக்கு மேல் மேசைப் பொறுப்பில் இருந்த அக்காவிடம் ஆமை ஓடி வந்து, ஒன்பதாம் கட்டில் பாப்பாவுக்கு ஐம்பத்தெட்டு என்றாள். போய் மறுபடி எண்ணு என்று விரட்டினார். திரும்பி வந்து அறுபது என்றாள். அப்புறம்தான் அக்கா எழுந்து போனார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. லிப்ட் வரக் காத்திருக்காமல் பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறி ஓடினார். பின்னால் ஓடி வந்த தாய் பார்த்தது அவருடைய முதுகையும், தோளில் தொங்கிய தன் பிள்ளையின் தலையையும் மட்டும்தான்.

பதினோரு நாள் கழித்துப் பிள்ளை பிழைத்து வந்தது. தாய் அக்காவின் காலில் விழப் போனாள். வார்டில் எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் பாப்பாவும் நிற்கிற படம் அறிவிப்புப் பலகையில் ஏறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும், வீட்டுக்குப் போன அதே தேதியில், தாய் மகளை அழைத்துக்கொண்டு வருவாள். பாப்பா தானே வரைந்த வாழ்த்து அட்டை ஒன்றைத் தருவாள். தாய் ஒவ்வொரு வருஷமும் ஒரே வார்த்தையைச் சொல்வாள்: நான் நாள் பூராப் பக்கத்துல உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியலை, நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. அக்கா அவளுடைய தோளைத் தட்டி, தாய்க்குப் பதற்றத்தில் ஒன்றும் தெரியாது என்று ஆறுதல் சொல்வார். ஏழு வருஷமாக அந்த ஆறுதலைச் சொல்லிவந்திருக்கிறார்.

இப்போது ஆறு மணிக்கு முன்னால் நடந்தவையும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பத்து மணிக்கு அந்தத் தாய், பாப்பாவுக்கு மூச்சு வாங்குது சிஸ்டர் என்றாள். காய்ச்சல் வந்தா அப்படித்தாம்மா இருக்கும் என்று அக்கா நடையை நிறுத்தாமலே சொன்னார். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் வந்து அதே வார்த்தையைச் சொன்னாள். நீங்க பயப்படறதைப் பார்த்துத்தான் பிள்ளையும் பயப்படுது, போய்ப் பக்கத்துல உட்காருங்க என்று அனுப்பிவிட்டு, கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டார்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தார். வெட்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு நிற்க அவருக்குத் தெரியாது. கோபமாக மாற்றித்தான் பழக்கம்.

"என்னை அவமானப்படுத்தத்தானே அதை எடுத்துட்டு வந்தது?"

ஆமை வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"இல்லக்கா. நான் வகுப்பு எடுக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து எல்லா இடத்துலயும் இதைத்தான் காட்டுறேன். ரெண்டு மணியும் நாலு மணியும் யாரு எழுதினதுன்னு பார்த்தீங்களா?"

அக்கா சார்ட் காட்டியிருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான். அதுக்கு முந்தின வாரம்தான் எல்லார் முன்னாடியும் ஆமைன்னு சொன்னீங்க. ரெண்டு மணிக்கு நான் எண்ணலை. நாலு மணிக்கும் எண்ணலை. சீக்கிரம் முடிச்சா நல்ல பேரு எடுக்கலாம்னு உங்க பட்டியலைப் பார்த்து எழுதினேன். ஆறு மணிக்கு அந்தப் பாப்பாவோட அம்மா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டா. அதனாலதான் எண்ணினேன்."

திட்டியிருந்தால் அக்கா பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வரும் வழியில் அறிவிப்புப் பலகை. படத்தில் இருந்த அக்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வார்டுக்குள் வர அவர் பின்வாசலைப் பயன்படுத்தினார்.

அதற்குப் பிறகு எண்ணினார். பிடிவாதமாக எண்ணினார். சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம் முழுதாக. முதல் வாரத்திலேயே, பார்வைக்குத் தூங்குவதாகத் தெரிந்த ஒரு குழந்தைக்கு ஐம்பதுக்கு மேல் இருந்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டார். எல்லோரும் பாராட்டினார்கள். அவருடைய நினைப்போ பின்னால் ஓடியது. அப்படியென்றால் இத்தனை வருஷத்தில் எத்தனை? தன் கையெழுத்தில் எத்தனை இருபத்து நான்குகள் ஆவண அறையில் அடுக்கியிருக்கின்றன? கணக்குப் போட முயன்று பாதியில் விட்டுவிட்டார்.

பயிற்சி ஏட்டில் 'நான் தவறவிட்ட ஒரு பிள்ளை' என்று ஒரு பக்கம் உண்டு. அதை நிரப்பாமல் தேற முடியாது. அக்கா இரண்டு நாள் அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு, ஊசி போட்ட இடம் வீங்கியதைக் கொஞ்சம் தாமதமாகக் கவனித்த ஒரு பையனைப் பற்றி எழுதினார். நடந்ததுதான். யாருக்கும் ஒன்றும் ஆகாத கதை. ஆமை அதைப் படித்தாள், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். அக்காவுக்கு அந்தக் கையெழுத்தைப் பார்க்கவே கூசியது. திருட்டுச் சாமானுக்கு ரசீது வாங்கிய மாதிரி இருந்தது.

பதினோரு பிள்ளைகள் முடிந்தன. பன்னிரண்டாவது பரிசோதனைக்குப் புறநோயாளிப் பிரிவில் ஓர் அறையை ஒதுக்கினார்கள். ஒரு கட்டில், மூன்று நாற்காலி, உயரம் அளக்கும் பலகை. அக்கா கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. அந்தத் தாயும், ஒன்பது வயதாகிவிட்ட அந்தப் பாப்பாவும். பாப்பாவுக்கு நாலு நாளாக இருமல், சீட்டு எழுதுகிற இடத்தில் எக்ஸ்ரே சிஸ்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வந்ததாகத் தாய் சந்தோஷமாகச் சொன்னாள். அக்கா திரும்பி ஆமையைப் பார்த்தார். ஆமை ஏட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். வேறு பிள்ளையைப் பார்க்கலாமா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

கட்டில் மேல் ஏறி உட்கார்ந்த பாப்பா தானே சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள். மருத்துவமனை அவளுக்குச் சொந்தக்காரர் வீடு மாதிரி. தாய் ஆமையின் பக்கம் திரும்பி, கேட்காமலே கதையைத் தொடங்கிவிட்டாள். இவங்க இல்லைன்னா இவ இல்லைங்க. மூணு மாடி தூக்கிட்டு ஓடினாங்க. இவளோட அப்பா இன்னைக்கும் என்னைச் சொல்லிக் காட்டுவாரு. பக்கத்துலயே இருந்தியே, கண்ணு எங்க போச்சுன்னு கேட்பாரு. காலைலயே சொன்னேன்னு நினைக்கிறேன்னு சொன்னா, சொல்லியிருந்தா இன்சூரன்சுக்கு வாங்கின ரெக்கார்டு நகல்ல எழுதியிருப்பாங்களே, ஆஸ்பத்திரிக்காரங்க பொய்யா எழுதுவாங்களான்னு கேட்பாரு. எனக்கே இப்பல்லாம் குழப்பம். சொன்னேனா, சொன்ன மாதிரி அப்புறமா நினைச்சுக்கிட்டேனான்னு.

இதையெல்லாம் அவள் குறையாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் தாமதமானதைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

இனி ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது என்று ஆமை மெதுவாகச் சொன்னாள். அக்கா கடிகாரத்தை எடுத்தார். பாப்பாவின் நெஞ்சில், கழுத்துக்குக் கீழே, தீவிர சிகிச்சையில் குழாய் போட்ட இடத்தில், அரிசி அளவில் ஒரு தழும்பு இருந்தது. ஏழு வருஷமாக அட்டையையும் வாழ்த்தையும் வாங்கிக்கொண்டவர் அந்தத் தழும்பை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணத்தான் வேண்டும், வேறெதையும் நினைக்கக் கூடாது. பத்து, பதினொன்று. ஒரு நிமிஷம் இவ்வளவு நீளமா? இதைத்தானே அன்று அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க மறுத்தேன் என்று நினைத்தார். நினைத்தும் எண்ணிக்கை தப்பவில்லை. இருபத்து ஒன்று, இருபத்து இரண்டு.

"இருபத்து ரெண்டு" என்றார். ஆமையும் தன் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தாள்.

முதுகிலும் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், தொண்டையைப் பார்த்தார். சாதாரணச் சளிதான், நெஞ்சில் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லி முடித்ததும் ஏட்டில் எழுத ஒரு கட்டம்தான் பாக்கி இருந்தது. பெற்றோருக்குக் கவலை ஏதும் உண்டா? பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுத் தாயைப் பார்த்தார்.

"அம்மா, அன்னிக்கு மூச்சை எண்ணிக் கண்டுபிடிச்சது நான் இல்ல. இவங்க. நான் தூக்கிட்டு ஓடினது மட்டும்தான்."

தாய்க்குப் புரிய ஒரு விநாடி பிடித்தது. ஆமையை உற்றுப் பார்த்தாள். அன்று கையைப் பிடித்து இழுத்த ஒல்லியான சிஸ்டரை இப்போதுதான் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுடைய இரண்டு கையையும் பிடித்தாள். பிறகு அக்காவிடம் திரும்பி, கண் கலங்க, உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு சிஸ்டர், வேற யாராவது இப்படிச் சொல்வாங்களா என்றாள்.

பாதி உண்மையைச் சொன்னதற்கு முழுப் பாராட்டு. இத்தோடு நிறுத்தியிருந்தால் அக்காவின் பெயர் முன்பைவிட ஒரு படி ஏறியிருக்கும். ஆமை எதுவும் சொல்லப்போவதில்லை என்று அக்காவுக்குத் தெரியும். மேட்ரன் காதுக்கு எதுவும் போகாது, பதவி கிடைக்கும், படம் அங்கேயே தொங்கும். இந்தத் தாய் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் இன்னும் ஒரு ஏழு வருஷத்துக்குச் சொல்லடி படுவாள். அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தரையைப் பார்த்துத்தான் பேச முடிந்தது.

"பெரிய மனசெல்லாம் இல்லம்மா. அன்னிக்குக் காலைலேருந்து உங்க பொண்ணோட மூச்சை நான் ஒரு தடவைகூட எண்ணலை. எண்ணாமலே சரியா இருக்குன்னு எழுதினேன். நீங்க வந்து சொன்னதையும் எழுதலை. உங்களுக்குக் கவலை எதுவும் இல்லைன்னு எழுதிட்டேன். ரெக்கார்டுல இருக்கிறது என் கையெழுத்து."

ஆமை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இரண்டு மணியும் நான்கு மணியும் தன்னுடையவை என்றுதான் சொன்னாள். ஆனால் தாய் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கண்ணை அக்காவிடமிருந்து எடுக்கவில்லை. அக்கா எதிர்பார்த்தது அடி, இல்லையென்றால் அழுகை. கத்தினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார்.

"நான் சொன்னேனா?" என்று தாய் கேட்டாள்.

"சொன்னீங்க."

"நிஜமா உங்ககிட்ட வந்து சொன்னேனா?"

"ரெண்டு தடவை வந்தீங்க. பத்து மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை. பாப்பாவுக்கு மூச்சு வாங்குது சிஸ்டர்னு சொன்னீங்க. அதே வார்த்தைதான்."

தாய் எழுந்தாள். கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். தேடிய அவசரத்தில் சில்லறையும் மருந்துச் சீட்டும் கீழே விழுந்தன, எடுக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு, அக்காவைத் தாண்டிக் கதவைத் திறந்து வெளியே போனாள். மன்னித்தாளா, சபித்தாளா, எதுவும் அந்த முகத்தில் இல்லை. அந்த அறையில் எக்ஸ்ரே அக்கா என்று ஒருத்தி நிற்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த பாப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குளிருது, சட்டையைப் போட்டுக்கவா என்று கேட்டாள். அக்கா குனிந்து பொத்தானைப் போட்டுவிட்டார். ஒன்றை மாற்றிப் போட்டதால் எல்லாம் கோணலாக வந்தது. அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து போட்டார். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. வராந்தாவிலிருந்து குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏங்க, நான்தான். இல்ல, இல்ல, பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. நான் சொல்றதை மட்டும் கேளுங்க. அன்னிக்கு நான் சொன்னேங்க. ரெண்டு தடவை போய்ச் சொன்னேன். அந்த சிஸ்டரே சொல்றாங்க."